பச்சையம்மாள் ரிக்கார்டின் அடுத்த பக்கம்

1

அன்று ஹாலில் இருந்தவர்கள்.

என் மனைவி விஜயா. புதுச்சேரிப் பெண். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவளைக் கட்டியதால்தான் நான் பாரிசுக்கு வந்தேன்.

என் மகள் மலர். ஏழு மாதம். வளைகாப்பு அவளுக்குத்தான்.

மருமகன் தொமா. பிரெஞ்சுக்காரன். தமிழ் தெரியாது. வடை தெரியும்.

தொமாவின் அம்மா, அப்பா. கழுத்தில் மாலை போட்டு உட்கார வைத்திருந்தோம். கழற்றலாமா என்று கேட்கக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

விஜயாவின் அக்கா. சந்தனக் கிண்ணத்தை யாரிடமும் கொடுக்கவில்லை.

கலியமூர்த்தி. சேத்தியாத்தோப்புக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஊரில் அவர் அப்பாவோடு மைக்செட் நடத்தியவர். இங்கே வந்து ரயில் பெட்டி கழுவி ஓய்வு பெற்றவர்.

மலரின் சிநேகிதிகள். எல்லாரும் சேலை கட்டியிருந்தார்கள். யாருக்கும் நடக்க வரவில்லை.

பிறகு நான். தங்கராசு. வடக்குத்துக்காரன். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் தட்டு கழுவுகிறேன். ஏழாவது வரை படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. அத்தை போய் வருஷம் திரும்புகிறது. அதனால் எழுதுகிறேன்.

வளையல் போட ஆரம்பிக்கும் நேரம். மலர் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணு வாங்கினேன். உங்க ஊர்ப் பாட்டு. ரொம்பப் பழசு. நானே கண்டுபிடிச்சேன்."

தொமா ஒரு ரிக்கார்டைச் சுழல விட்டான். புதுசு. பளபள என்று இருந்தது. பறை ஒரு அடி விழுந்தது. அதற்குப் பிறகு குரல்.

"கதவத் தொறந்து வெச்சேன்
காத்துதான் உள்ள வந்துச்சு..."

கலியமூர்த்தி வாயில் லட்டோடு எழுந்துவிட்டார்.

"அய்யய்யோ, நிறுத்துடா! எவன்டா வளகாப்புல சாவுப் பாட்ட வெச்சது?"

தொமாவுக்குப் புரியவில்லை. பெரியவர் உற்சாகமாகிவிட்டார் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினான். சிநேகிதிகள் பறைக்கு ஏற்றபடி கை தட்டினார்கள். ஒருத்தி ஆடவும் செய்தாள். விஜயாவின் அக்கா ஓடிப் போய்த் தன் முந்தானையால் மலரின் வயிற்றை மூடினார். காதை மூடுவதுபோல இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் போய் ஊசியைத் தூக்கினேன்.

"யார் பாட்டுங்க அது?" என்றார் விஜயாவின் அக்கா.

"எங்க அத்தை பாட்டு" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. தொமாவின் அப்பா மட்டும் சாப்பிட்டார்.

2

பச்சையம்மாள் அத்தை என் அப்பாவின் அக்கா. எங்களுக்கு நிலம் கிடையாது. சின்ன வயசில் அத்தை வளையமாதேவிப் பக்கம் நடவுக்குப் போவாள். எழவு வீட்டில் பாடவும் போவாள். அவள் ஒப்பாரி வைத்தால் சம்பந்தமில்லாதவனும் அழுவான் என்பார்கள். அறுபதுகளில் மெட்ராசிலிருந்து ஒரு ரிக்கார்டு கம்பெனி ஆள் வந்து அவளையும் நாலு பெண்களையும் கூட்டிப் போனார். இரண்டு பாட்டு. ஒரு பக்கம் ஒப்பாரி. அடுத்த பக்கம் நடவுப் பாட்டு. அன்று சாயங்காலமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தைக்கு அப்போது இருபது வயசு இருக்கும். நான் பிறக்கவில்லை.

அந்த ஒப்பாரி கடலூரிலிருந்து விழுப்புரம் வரை ஓடியது. யார் செத்தாலும் அதுதான். மைக்செட் வைத்திருந்த எல்லாரிடமும் ஒரு பிளேட்டு இருந்தது. வேப்ப மரத்தில் குழாயைக் கட்டி அதை வைத்தால் மூணு ஊருக்குச் செய்தி போய்விடும். அந்தக் குரல் கேட்டால் "எந்த வூடு?" என்று கேட்டபடிதான் பெண்கள் வெளியே வருவார்கள்.

மைக்செட்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சாவு ரிக்கார்டுக்குத் தனிப் பெட்டி. அந்தப் பெட்டி கல்யாண வண்டியில் ஏறாது. கல்யாணத்துக்குப் புது ஊசி. தேய்ந்த ஊசியை எறிய மாட்டார்கள், சாவுக்கு வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் கலியமூர்த்தி சொன்னது.

"சரி, அத்தையோட அடுத்த பக்கம் எப்ப வெப்பீங்க?" என்று கேட்டேன்.

"எப்ப வெக்கறது? எழவு வூட்ல நடவுப் பாட்டு வெச்சா தோல உரிப்பான். கல்யாணத்துக்கு அந்தப் பொட்டியே போவாது. கை தவறி வெச்சுடக் கூடாதுன்னு எங்கப்பா அந்தப் பக்கத்துல காகிதத்தப் போட்டு ஒட்டிட்டாரு. எல்லாரும் ஒட்டுவாங்க."

"நீங்க ஒரு தடவகூடக் கேட்டதில்லயா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

3

அத்தையைக் கட்டியவர் ஆறு மாதத்தில் விட்டுப் போனார். பஞ்சாயத்தில் காரணம் கேட்டார்களாம். "அவ பேசினா எழவு வூட்ல ஒக்காந்த மாதிரி இருக்குது" என்றாராம். பஞ்சாயத்தார் சிரித்துவிட்டுப் பிரித்து விட்டார்கள்.

நான் பார்க்கும்போது அத்தை நிலக்கரிச் சுரங்கத்து டவுன்ஷிப்பில் கான்ட்ராக்டில் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஒரு பிளாக் முழுக்க அவள் பொறுப்பு. குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். திருநெல்வேலி, கோயம்புத்தூர். அவர்களுக்கு இந்தப் பாட்டு தெரியாது. ஆனால் டவுன்ஷிப்பிலும் ஆட்கள் சாகிறார்கள். மைக்செட் எங்கள் பக்கத்து ஆளுடையது. இரண்டு சாவில் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அத்தையோடு சேர்ந்து நடப்பேன். ஒரு நாள் ஒரு அம்மா கேட் அருகில் நிறுத்தினார்.

"பச்சையம்மா, இன்னைக்கு எங்க வீட்ல பூச்சூட்டு. நீ ஒண்ணும் பேசிராத, என்ன? பெருக்கிட்டுப் பின்வழியாப் போயிரு."

அத்தை தலையை ஆட்டினாள். அந்த அம்மா நல்லவர். தட்டில் இனிப்பு வைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதும் வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என் தம்பி சேகர் கல்யாணத்தன்று அத்தை வாசலில் நின்றாள். மைன்சில் அவனுக்கு அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தது. சம்பந்தி வீடு பெரிய இடம்.

"நின்னு பாத்துட்டுப் போறேன்" என்றாள் அத்தை.

"பாரு. பேசாத" என்றார் என் அம்மா.

அத்தை பேசவில்லை. தாலி கட்டும்போது எல்லாப் பெண்களும் குலவை போட்டார்கள். அத்தை உதட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறு அதிகம் ஞாபகமில்லை.

4

வளைகாப்பு முடிந்து பத்து நாள் கழித்து மலர் அந்த ரிக்கார்டோடு வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"உங்க அத்தைன்னு ஏன் சொல்லல?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல."

"நான் பெரியம்மா முன்னாடி அவமானப்பட்டேன். நான் பாப்பாவுக்குச் சூனியம் வெச்ச மாதிரி பாக்குறாங்க."

"சரியாப் போயிடும்."

"உங்களுக்கெல்லாம் எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டீங்க. தப்பு பண்ணினா மட்டும் கத்துவீங்க."

அன்றிலிருந்து எங்கள் விசேஷங்களுக்கு அவள் வருவதில்லை.

அன்று அவள் கொண்டு வந்த ரிக்கார்டின் அட்டைக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு பேச வரும், படிக்க வராது. அவள் படித்துச் சொன்னாள். அறுபதுகளில் தென்னிந்தியாவில் ரிக்கார்டு கொடுத்துவிட்டு மறைந்துபோன பாடகர்கள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு பாட்டு. யாரும் கண்டுகொள்ளாத மேதைகள் என்று போட்டிருந்தது. எட்டாவது பாட்டு அத்தையுடையது. "பச்சையம்மாள் குழுவினர். அறுவடைக் கொண்டாட்டப் பாடல். பாடகியைப் பற்றித் தகவல் இல்லை. இறந்துவிட்டதாகத் தெரிகிறது."

பக்கத்தில் ஒரு பெண் கையை விரித்து ஆடும் படம். அத்தை இல்லை. யாரென்று தெரியவில்லை.

"உயிரோட இருக்காங்களா?" என்றாள் மலர்.

"இருக்காங்க. வடக்குத்துல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

அத்தையிடம் போன் கிடையாது. பக்கத்து வீட்டு லட்சுமியிடம் ஒரு பட்டன் போன் உண்டு. அதில் கூப்பிட்டேன்.

"அத்தே, நான் தங்கராசு."

"எந்தத் தங்கராசு?"

"பிரான்சுல."

"அங்கியா? நீ இன்னும் அங்கதான் இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"என் பாட்டா? அங்க யாரு செத்தா?"

"யாரும் சாவல. சும்மா கேக்குறாங்க."

"சும்மாவா? பொழுது போவலையா அவங்களுக்கு?"

"அட்டையில நீ செத்துட்டன்னு போட்டிருக்கு அத்தே."

"எப்பன்னு போட்டிருக்கான்?"

"அது போடல."

"பின்ன இன்னாத்துக்குப் போட்டான்? வெசாரிச்சிகினு போட வேணாமா?" பிறகு அவளே கேட்டாள். "மருமவனே, அடுத்த பக்கம் வெச்சாங்களா?"

"இல்ல அத்தே. ஒரு பக்கம்தான்."

"அங்கியுமா?" என்றாள்.

5

அட்டையில் இருந்த விலாசத்துக்குப் போனேன். கலியமூர்த்தியும் வந்தார். ரிக்கார்டு கடை. பின்னால் ஒரு அறை, அதுதான் கம்பெனி. தாடி வைத்த ஒருவன், முப்பது வயசு இருக்கும். இந்தப் பாடகி உயிரோடு இருக்கிறார் என்று சொல்லப் போனேன். வாயில் வந்தது வேறு. "அவள் இன்னும் செத்து முடியவில்லை" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவன் மரியாதையாக நாற்காலி போட்டான்.

விஷயம் புரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம். என் கையைப் பிடித்து ஆட்டினான். மற்றப் பாடகர்களையும் தெரியுமா என்று கேட்டான். ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டினான். கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"இவரு பண்ருட்டிப் பக்கம் கிளாரினெட்டு. குடிச்சே செத்தாரு. கடைசியில கிளாரினெட்ட அடகு வெச்சுட்டு வெறுங்கையில வாசிச்சிகினு திரிஞ்சாரு, பசங்க கல்லால அடிப்பானுங்க. இது ஒரு கூத்துக்காரன், பொம்பள வேசம். பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டா. இந்தம்மா ரயில்ல பாடி பிச்ச எடுத்தது. கண்ணு தெரியாது. வண்டியில இருந்து வுழுந்துச்சுன்னாங்க. தள்ளி வுட்டுட்டாங்கன்னும் சொன்னாங்க."

நான் மொழிபெயர்த்தேன். தாடிக்காரன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான். "அற்புதம், அற்புதம்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. இத்தனை கேவலமான சாவுகள் ஒரே அட்டையில் இருப்பது அவனுக்கு நல்லதாகப் பட்டது.

அத்தையின் பழைய பிளேட்டைக் காட்டச் சொன்னேன். எடுத்து வந்தான். முதல் பக்கம் வெளுத்துப் போயிருந்தது. தேய்ந்த ஊசி உழுத பக்கம். அதைச் சுத்தம் செய்ய மிஷின் வைத்து ஒரு மாதம் ஆனதாம். அடுத்த பக்கத்தில் காகிதம். நடுவிலிருந்து விளிம்பு வரை ஒட்டியிருந்தது.

"சேதம் என்று நினைத்தோம். தொடவில்லை" என்றான்.

"பிரிச்சுப் பாரு" என்றேன்.

ஈரத் துணியை வைத்து வைத்து எடுத்தான். ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே கருகரு என்று இருந்தது. ஊசியே படாத பக்கம்.

வைத்தான். பசை இருந்த இடத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. முதலில் மற்றப் பெண்கள். பிறகு அத்தை.

"வரப்பு மேல நிக்கிறவரே மேஸ்திரியாரே – ஒங்க
வேட்டியில சேறு பட்டா சிரிப்பமா நாங்க..."

இப்படி ஒவ்வொரு அடியிலும் மேஸ்திரியைக் கிண்டல் பண்ணிக்கொண்டே போகிறது. குடையை, மீசையை, கணக்குப் போடத் தெரியாததை. சுட்டித்தனமான பெண் குரல். எனக்குத் தெரிந்த அத்தை இல்லை. கடைசி அடியில் அவளுக்கே அடக்க முடியவில்லை. வார்த்தை பாதியில் நிற்கிறது. சிரிக்கிறாள். மற்றவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அதோடு ரிக்கார்டு தீர்ந்துவிடுகிறது.

அத்தை சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

கலியமூர்த்தி பிரித்துப் போட்ட ஈரக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நல்லாத்தான் இருந்திருக்குது" என்றார்.

தாடிக்காரன் உதட்டைப் பிதுக்கினான். "அழகு. ஆனால் முதல் பக்கத்தின் ஆழம் இல்லை. இதை வாங்க மாட்டார்கள்" என்றான். என் போனில் மட்டும் ஏற்றிக் கொடுத்தான். அடுத்த முறை அச்சடிக்கும்போது உயிரோடு இருக்கிறார் என்று திருத்திவிடுவதாகச் சொன்னான். கிளம்பும்போது கேட்டான். அத்தை இப்போது ஒப்பாரி பாடுவதை வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா?

அதை அத்தையிடம் சொன்னேன்.

"யாரு செத்தாங்கன்னு பாடறது? அவனச் சாவச் சொல்லு, பாடறேன்."

6

என் போனில் நடவுப் பாட்டை வைத்து, விஜயாவின் போனில் அத்தையைக் கூப்பிட்டு, இரண்டையும் ஒட்டி வைத்தேன்.

"கேக்குதா?"

"கரகரன்னு இருக்குது. மழ பெய்யுதா அங்க?"

"பாட்டு அத்தே. உன் பாட்டு."

"மழ மாதிரிதான் இருக்குது."

மூன்று தடவை வைத்தேன். அத்தைக்கு ஒரு காதுதான் கேட்கும். அதுவும் கத்திப் பேசினால்தான் கேட்கும். நாலாவது தடவை வைக்கப் போனேன். விஜயா போனை வாங்கி வைத்துவிட்டாள்.

சேகருக்கு அனுப்பினேன். அவன் குவார்ட்டர்சில் இருக்கிறான். வடக்குத்து பக்கம்தான். போய் அத்தை காதருகில் வைக்கச் சொன்னேன்.

"அண்ணா, நெனச்சுத்தான் பேசறியா? கவிதாவுக்கு மாப்ள பாத்துகினு இருக்கோம். இந்த நேரத்துல அந்தக் கொரல அனுப்புறியே."

"இது ஒப்பாரி இல்லடா. நடவுப் பாட்டு. சிரிக்குது அத்தை."

"எந்தப் பாட்டா இருந்தா என்னா? கொரல் அதானே?"

"உன் வூட்ல வெக்க வேணாம். அத்தை வூட்ல வையி."

"என் போன்ல இருந்தா என் வூட்ல இருக்கற மாதிரிதான். நான் அழிச்சிட்டேன்."

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அவளே தெரிந்துகொண்டாள் போல. அடுத்த வாரம் லட்சுமி போனிலிருந்து அவளே கூப்பிட்டாள். அத்தை என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

"மருமவனே, எனக்குக் கேக்காட்டிப் போவுது. நான் போற அன்னிக்கு அத மைக்ல வையி."

"எத?"

"அடுத்த பக்கத்த. ஒரு தடவ. ஊரு கேக்கட்டும்."

"அப்ப உனக்குக் கேக்காதே அத்தே."

"எனக்குத் தெரியுமே, பாடினவ நானாச்சே. ஊருக்குத்தான் தெரியாது."

"இப்பவே வெக்கச் சொல்றேன். கோயில் மைக்ல."

"உனக்கு அந்த ஊரு போயி புத்தியும் போயிடுச்சா? நல்ல நாள்ல என் கொரல் மைக்ல வந்தா கல்லால அடிப்பான். நான் செத்த அன்னிக்கு மட்டுந்தான் வெக்க வுடுவான். அன்னிக்கு வையி."

"சரி அத்தே."

"சரின்னு சொல்லாத. செய்யி."

7

மலருக்குப் பெண் குழந்தை பிறந்து நாலு மாதம். அத்தை போய்விட்டாள் என்று லட்சுமி கூப்பிட்டுச் சொன்னாள். காலையில் வாசல் தெளிக்க வரவில்லை, போய்ப் பார்த்தால் போயிருந்தாள்.

நான் போக முடியவில்லை. என் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டுதான். அதை வைத்துக்கொண்டு வெளியே போகலாமா, திரும்ப வர விடுவார்களா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், இறந்தது யார் என்று கேட்டாள். அப்பாவின் அக்கா என்றேன். "நெருங்கிய உறவு இல்லை" என்றாள். சட்டத்தில் அப்படி இருக்கலாம். எப்படியும் நான் போவதற்குள் எடுத்துவிடுவார்கள்.

தாடிக்காரனிடம் சொன்னதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். அது பிறகு நடந்தது. வருத்தம் என்றான். உண்மையாகவே வருத்தப்பட்டான். அப்புறம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"அப்படியென்றால் அட்டையில் திருத்த வேண்டியதில்லை."

8

கலியமூர்த்தி ஊருக்குப் போன் போட்டார். வடக்குத்தில் இப்போது மைக்செட் வைத்திருப்பவர் ஏழுமலை. கலியமூர்த்தியின் பழைய கூட்டாளி மகன்.

"ஏழுமல, ஒரு பாட்டு அனுப்பியிருக்கேன். வெக்கணும்."

"மாமா, சேகர் அண்ணன்தான் செட்டு சொன்னாரு. அவரு சொல்றததான் வெக்கணும்."

"நாள் முச்சூடும் அவன் சொல்றத வையி. தூக்கறப்ப ஒரு தடவ இத வையி. செத்தவ கேட்டது."

"என்னா பாட்டு மாமா?"

"நடவுப் பாட்டு."

"எழவு வூட்லயா? என் பொழப்பக் கெடுத்துடாத மாமா."

"உங்கப்பன் சாவுக்கு வெச்சது யாரு கொரலு? எங்கப்பன் சாவுக்கு? ஒரு தடவ வையிடா."

ஏழுமலை கொஞ்சம் யோசித்தார். சரி என்றார்.

மறுநாள் காலையிலிருந்து ஒப்பாரி ஓடியது. பழைய பிளேட்டு இல்லை. பாரிசில் சுத்தம் பண்ணியது இன்டர்நெட்டில் வந்துவிட்டது. ஏழுமலை அதை இறக்கி வைத்திருந்தார். கரகரப்பே இல்லை. தன் சாவுக்குத் தானே பாடிக்கொண்டு அத்தை படுத்திருந்தாள். அந்தப் பாட்டை இவ்வளவு தெளிவாக ஊர் கேட்டதில்லை என்று லட்சுமி பிறகு சொன்னாள். எல்லாரும் அழுதார்களாம். சேகர் மனைவி மயக்கம் போட்டு விழுந்தாளாம்.

அங்கே மத்தியானம் தாண்டியிருந்தது, இங்கே காலை. நான் வேலையில் இருந்தேன். மேற்பார்வை பார்க்கும் மாலி நாட்டுப் பெண் மரியம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போகச் சொன்னாள். குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்தில் நின்றேன். சேகர் மகள் கவிதா வீடியோ கால் போட்டிருந்தாள்.

"பெரியப்பா, தெரியுதா?"

"தெரியுது."

அத்தையைத் தெரியவில்லை. ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. ஒரு வேப்ப மரம். அதில் கட்டின குழாய். பாடையைத் தூக்கினார்கள். முன்னால் சேகர் கொள்ளிச் சட்டியோடு நின்றான். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அவன்தான் செய்ய வேண்டும். நன்றாகத்தான் செய்தான். குறை சொல்ல மாட்டேன்.

ஒப்பாரி நின்றது. கொஞ்சம் அமைதி. பிறகு குழாயில் பெண்கள் சேர்ந்து பாடும் சத்தம். நடவு மெட்டு. துள்ளலாக.

எல்லா முதுகும் நின்றன.

"என்னா பாட்டுடா இது?" ஒரு ஆண் குரல்.

"ஏழுமல, குடிச்சிருக்கியா?"

ஒரு பையன் சிரித்தான். பளீர் என்று அறை விழும் சத்தம் கேட்டது.

சேகர் திரும்பினான். கொள்ளிச் சட்டியைத் தரையில் வைத்தான். எடுத்த சட்டியைச் சுடுகாடு போகும்வரை கீழே வைக்கக் கூடாது. "டேய் டேய், வெக்காதடா" என்று பெரியவர்கள் கத்தினார்கள். அவன் காதில் வாங்கவில்லை. மைக்செட் பெட்டியிடம் ஓடினான். குனிந்தான்.

குழாய் அடங்கியது.

"அம்பது வருசம் இந்தக் கொரலால பட்டது போதாதா?" என்று சேகர் கத்துவது கேட்டது. யாரைப் பார்த்துக் கத்தினான் என்று தெரியவில்லை. அழுதுகொண்டுதான் கத்தினான்.

பறை மறுபடி ஆரம்பித்தது. பாடை நகர்ந்தது. கவிதா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

"பெரியப்பா, அப்பா பாத்தா திட்டும். வெக்கிறேன்."

உள்ளே போனேன். தட்டு நிறையச் சேர்ந்திருந்தது. கழுவ ஆரம்பித்தேன்.

சாயங்காலம் ஏழுமலையைக் கூப்பிட்டேன். மன்னிப்பு கேட்கத்தான். அவர் கோபப்படவில்லை. தன் மிஷினில் பாட்டு எங்கே நின்றதோ அது அப்படியே காட்டுகிறது என்றார். பார்த்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். சொல்லுங்க என்றேன்.

என் போனிலும் அதை வைத்துப் பார்த்தேன். பாட்டு மொத்தம் மூன்று நிமிஷம். முதலில் மற்றப் பெண்கள். அத்தையின் குரல் வருவது இருபதாவது செகண்டில்.

ஊரில் ஓடியது பதினாலு செகண்ட்.